வீட்டுக்கு உரியவர்கள்

1

வம்சாவளி தேடுவது யாருக்கும் தீங்கில்லாத பொழுதுபோக்கு என்று ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள், நாட்டுப்புறப் பாதிரிகள், பழைய குடும்பங்களின் கடைசி வாரிசுகள் ஆகியோருக்கு உரிய காரியம் என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வம்சாவளி எப்போதுமே ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வி 'நான் யார்?' என்பதல்ல, அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கேள்வி. முதலில் கேட்கப்பட்டது, 'இது யாருக்குச் சேர வேண்டும்?' என்பதுதான். 'இது' என்பது நிலமாக இருக்கலாம், வீடாக இருக்கலாம், வெறும் பெருமையாகவும் இருக்கலாம். யாருக்குச் சேர வேண்டும் என்று கேட்கும்போதே யாருக்குச் சேர வேண்டியதில்லை என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே வம்சாவளி எழுதுகிறவன், அவன் அறிந்தாலும் அறியாவிட்டாலும், ஒரு தார்மீகக் காரியத்தில் இறங்கியிருக்கிறான்.

இதை யோசிக்க வேல்ஸ் நாட்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே இந்தக் கேள்வி சட்டமாகவே இருந்தது என்பது. பத்தாம் நூற்றாண்டு அரசன் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் பழைய வேல்ஸ் சட்டங்களில் நிலம் தனி மனிதனுக்கு உரியதல்ல, இனவழிக்கு உரியது. தகப்பன் இறந்தால் நிலம் மகன்களுக்குள் சமமாகப் பிரியும். மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனுக்கும், தகப்பன் ஏற்றுக்கொண்டிருந்தால், பங்கு உண்டு. மகன்கள் இல்லாத போது பங்கு பங்காளிகளின் தலைமுறைகளுக்குப் போகும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பாட்டனையும் முப்பாட்டனையும் தெரிந்து வைத்திருப்பது பெருமைக்காக அல்ல. பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு நிலம் உண்டு, தெரியாதவனுக்கு இல்லை. நாவில் இருந்த அந்த வரிசைதான் பத்திரம். கவிஞர்கள் அதைக் காப்பாற்றினார்கள்.

மனிதர்களின் பெயர்களும் அப்படித்தான் இருந்தன. 'ஆப்' என்றால் மகன். ரீஸ் ஆப் ஹவெல் ஆப் கிரிஃபித் என்றால் மூன்று தலைமுறை ஒரே மூச்சில் வந்துவிடும். 1536இலும் 1543இலும் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்துடன் இணைத்தன. ஆங்கிலச் சட்டப்படி மூத்த மகனுக்கே நிலம் என்றாயிற்று. நிலம் சிதறாமல் ஒரே கையில் சேரத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் பெயர்களும் உறைந்துபோயின. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று, ஆப் ஹவெல் என்பது பவல் ஆயிற்று, தலைமுறை தலைமுறையாக அதே பெயர் தொடர்ந்தது. முன்பு பெயர் முன்னோர்களின் ஞாபகத்தைச் சுமந்தது. இப்போது அது எஸ்டேட்டைச் சுமந்தது. லூயிஸ் டூன் என்ற கவிஞர் 1586இல் வம்ச விவரங்களைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்று, வேல்ஸ் முழுவதும் வீடு வீடாகப் போய் வம்சாவளிகளை எழுதி வீட்டுத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கினார். நாவில் இருந்தது தாளுக்குப் போன கட்டம் இது. இந்தத் தாளால் யாருக்கும் நிலம் கிடைக்கவில்லை. நிலம் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தாள் கிடைத்தது.

2

வேல்ஸின் வடகிழக்கில், ரெக்ஸம் நகருக்கு அருகே எர்திக் என்ற மாளிகை இருக்கிறது. யார்க் குடும்பத்து வீடு என்று அதைச் சொல்வது வழக்கம். ஆனால் அதைக் கட்டியவர் யார்க் அல்ல. ஜோஷுவா எடிஸ்பரி என்பவர் 1684இல் கட்டத் தொடங்கினார். கையில் இருந்த பணம் போதவில்லை, கடன் வாங்கினார், கடன் அவரை விழுங்கிவிட்டது. கடன் கொடுத்தவர்களில் ஒருவர் எலிஹு யேல். இந்தப் பெயர் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவருடைய குடும்பம் இந்த டென்பிஷயர் பகுதியைச் சேர்ந்தது. 1721இல் இறந்தபின் ரெக்ஸம் தேவாலய முற்றத்திலேயே புதைக்கப்பட்டார். எர்திக்கில் இன்றும் உள்ள ஒரு சீன அரக்குத் தட்டி, யேல் எடிஸ்பரி வீட்டுக்கு அன்பளிப்பாக அனுப்பியது என்று சொல்லப்படுகிறது. சீனத்தில் செய்த இந்த வகைத் தட்டிகளுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் 'கோரமண்டல்'. நம் சோழமண்டலக் கரையில் கப்பல் மாறிப் போன ஒரே காரணத்தால், செய்தவன் நாட்டுப் பெயர் போய் ஏற்றி அனுப்பிய துறைமுகத்தின் பெயர் அதற்கு நிலைத்தது. மனிதர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எடிஸ்பரி ஒழிந்த பின், ஜான் மெல்லர் என்ற லண்டன் வக்கீல் அவருடைய கடன்களை வாங்கி, வீட்டையும் வாங்கினார். இரு பக்கமும் கூட்டிக் கட்டினார், விலையுயர்ந்த மேஜை நாற்காலிகளால் நிரப்பினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1733இல் அவர் இறந்தபோது வீடு சகோதரி மகன் சைமன் யார்க்குக்குப் போயிற்று. அன்றிலிருந்து 1973 வரை, 240 வருஷங்கள், ஏழு எஜமானர்கள். எல்லோர் பெயரும் சைமன் அல்லது பிலிப். வேறு பெயரே கிடையாது.

ஒரு திவாலான மனிதர், ஒரு பிரம்மச்சாரி வக்கீல், ஒரு மருமகன்: 'பழைய குடும்பம்' என்று நாம் மரியாதையோடு சொல்வதன் வேர் இவ்வளவுதான். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. எந்தப் பழைய குடும்பத்தின் அடியைத் தோண்டினாலும் இதைப் போன்ற ஒன்று கிடைக்கும். தொடர்ந்து வந்தது ரத்தம் அல்ல, கிரயப் பத்திரம் என்பது மட்டும்தான் நான் சொல்ல வருவது. இரண்டே பெயர்களை மாற்றி மாற்றி வைத்தது, ரத்தத்தில் இல்லாத தொடர்ச்சியைப் பெயரில் உண்டாக்கிக்கொள்ளும் முயற்சியாகவும் எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஏழு பேரில் முதல் பிலிப் யார்க் (1743-1804) எனக்கு முக்கியமானவர். வேல்ஸில் வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. தந்தை வழி இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடி டோவர் துறைமுகத்தது. ஆனால் வேல்ஸ் வம்சாவளிகளில் அவருக்குத் தீராத மோகம் ஏற்பட்டது. 1799இல் 'வேல்ஸின் அரச குலங்கள்' என்ற நூலை ரெக்ஸமில் அச்சிட்டு வெளியிட்டார். மத்திய கால வேல்ஸ் சிற்றரசர்களையும் அவர்கள் வழி வந்த குடும்பங்களையும் ஆறேழு நூற்றாண்டுகள் பின்னோக்கித் தொடரும் புத்தகம். நிலத்துக்குப் பத்திரம் வேறாகிவிட்ட பிறகு, வம்சாவளி இப்படி வெளியூர்க்காரர் ஒருவரின் ரசனைக்குரிய பொருளாகிவிட்டது.

இதே மனிதர்தான், இந்தப் புத்தகத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, வேறு எந்தப் பெரிய வீட்டுக்காரரும் இவ்வளவு தொடர்ச்சியாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தன் வேலைக்காரர்களைத் தைலவண்ணத்தில் வரையச் செய்தார்.

3

1791க்கும் 1796க்கும் இடையில், டென்பி ஊர் ஓவியர் ஜான் வால்டர்ஸ் இந்தப் படங்களை வரைந்தார். வீட்டுவேலை செய்த ஜேன் எப்ரல், 1793இல் 87 வயது, கையில் துடைப்பம். கொல்லர் வில்லியம் வில்லியம்ஸ். தச்சர் எட்வர்ட் பிரின்ஸ். சமையற்கட்டு எடுபிடி ஜாக் நிக்கலஸ். வேட்டைக்காடு காப்பவர், இறைச்சி வெட்டுபவர். ஒவ்வொரு படத்திலும் யார்க் தானே எழுதிய, நகைச்சுவை கலந்த செய்யுள் ஒன்று. அதில் அந்த மனிதரின் வாழ்க்கையும் குணமும். இந்தப் படங்கள் வேலைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் மாட்டப்பட்டன. பின்வந்த தலைமுறையினரும் வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். 1830இல் மேலும் சில ஓவியங்கள். 1852இல் வேலைக்காரர்கள் எல்லோரையும், அவரவர் தொழிற்கருவியோடு, நிற்க வைத்து எடுத்த புகைப்படம். 1912இல் இன்னொன்று. இரண்டாம் பிலிப் (1849-1922) புகைப்படங்களுக்கும் செய்யுள் எழுதி மாட்டினார்.

இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசலாம், இரண்டும் சுலபம். ஒன்று, என்ன மனிதாபிமானம் என்று வியப்பது. ஆயிரம் மாளிகைகளில் துடைப்பம் பிடித்தவளுக்கு முகமே இல்லாதபோது இங்கே முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. இரண்டாவது, இது எஜமானத்துவத்தின் தந்திரம் என்று தள்ளிவிடுவது. கூலியைக் குறைத்துப் படத்தை மாட்டினான் என்று முடித்துவிடலாம். முதல் வகைப் பேச்சு ரசிகர்களுடையது, இரண்டாவது சித்தாந்திகளுடையது. இரண்டுக்கும் உள்ள பொதுக்குறை, இரண்டுமே யார்க்கைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது. அவர் நல்லவரா, கபடதாரியா என்பதோடு விஷயம் தீர்ந்துவிடுகிறது. ஜேன் எப்ரல் அந்தத் தீர்ப்புக்கு ஒரு சாட்சியம், அவ்வளவுதான். வாழ்ந்தபோது அந்த வீட்டின் தூசியைத் துடைத்தவர், இறந்தபின் அந்த வீட்டின் நடத்தைக்குச் சான்று கூறவும் வேண்டியிருக்கிறது.

நான் கேட்க விரும்புவது வேறு. ஒருவரை நினைவில் வைத்திருப்பதும் அவருக்குரிய நியாயத்தைச் செய்வதும் ஒன்றா? நாம் ஒன்றென்றே பொதுவாக நம்புகிறோம். 'மறந்துவிட்டார்கள்' என்பது நம் மிகப் பெரிய புகார். 'நினைவு வைத்திருக்கிறார்கள்' என்றவுடன் புகார் ஓய்ந்துவிடுகிறது. இலக்கியத்தில் இருப்பவர்களுக்கு இந்த நம்பிக்கை இன்னும் அதிகம். எழுதப்பட்டுவிட்டால் போதும், ஒரு வாழ்க்கை மீட்கப்பட்டுவிட்டது என்று எண்ணுகிறோம். எர்திக் இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஏற்ற இடம். அங்கே நினைவு தாராளமாக இருக்கிறது.

முதலில், படங்களில் இருப்பதைக் கொஞ்சம் கவனிக்கலாம். இதே வீட்டில் முதல் பிலிப் யார்க்கை கெயின்ஸ்பரோ வரைந்த படம் இருக்கிறது. அதில் அவர் கையில் தொழிற்கருவி ஏதும் கிடையாது. அவர் யார் என்று அறிய ஒரு கருவி தேவையில்லை. ஜேன் எப்ரலுக்கு 87 வயதிலும் துடைப்பம் வேண்டியிருக்கிறது. அடுத்து, படங்கள் மாட்டப்பட்ட இடம். வேலைக்காரர்கள் தினம் மூன்று வேளை அவற்றின் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுவரிலிருந்த முகங்கள் எல்லாம் நீண்ட காலம் நிலைத்து நின்று உழைத்தவர்களின் முகங்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சுவர் என்ன சொல்லியிருக்கும்? இங்கே இப்படிக் கிழவியாகும்வரை இருந்தால் நீயும் இங்கே இருப்பாய் என்றுதானே? நன்றி என்பது தங்கியவர்களுக்கு உரியது. இரண்டு வருஷம் இருந்து, கூலி போதாமல் போனவளுக்கு, பேறுகாலம் நெருங்கியதால் அனுப்பப்பட்டவளுக்கு, பேச்சு சரியில்லை என்று நீக்கப்பட்டவனுக்கு எந்த எஜமானரும் நன்றி சொல்ல மாட்டார். சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் முடியாது. நன்றியின் இயல்பே அது. நன்றியை வரலாற்றின் இடத்தில் வைக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

4

எலன் பென்கெத் இந்த வீட்டில் சமையலையும் வீட்டுச் செலவையும் பார்த்துவந்தவர். இரண்டாம் பிலிப் யார்க்கும் அவர் மனைவி லூயிசாவும் எஜமானர்களாக இருந்த காலம். கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் எஜமானி கையிலிருந்து எலன் கைக்கு வரும், அங்கிருந்து கடைகளுக்குப் போகும். 1907இல், கடைப் பாக்கிகள் தீரவில்லை என்பது வெளியாயிற்று. சுமார் 500 பவுண்டு கையாடல் என்று குற்றம் சாட்டி அவரைக் கைது செய்யவைத்தார்கள். வழக்கு ரூத்தின் நகரில் நடந்தது. ஜூரிகள் அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

வீடு அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. குடும்பத்தின் ஞாபகத்தில் அவர் திருட்டுச் சமையற்காரியாகவே நின்றார். கொல்லருக்கும் தச்சருக்கும் செய்யுள் பாடிய சுவரில் எலனைப் புகழ்ந்து ஒரு வரி கிடையாது.

பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லலாம். ஒரு கணக்கில் தொகை குறைந்தால், குறைந்தது என்று மட்டும்தான் பேரேடு சொல்லும். யார் எடுத்தார் என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. அதைச் சொல்வது மனிதர்கள். வரவு ஒருவர் கையிலும் செலவு ஒருவர் கையிலும் சரிபார்ப்பு யார் கையிலும் இல்லாமலும் இருக்கும் ஏற்பாட்டில், குறைவுக்குப் பொறுப்பு யாருடையது என்பது மிகவும் சிக்கலான கேள்வி. ஒரு பெரிய வீட்டை நடத்த அதற்கு ஆகும் செலவைவிடக் குறைவான தொகை கொடுக்கப்பட்டால், அந்த இடைவெளி நடுவில் இருப்பவர் தலையில்தான் பாக்கியாக ஏறும். எலன் விஷயத்தில் நடந்தது இதுதான் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. ஜூரிகள் கூறிவிட்டார்கள், அது போதும். நான் பார்க்கச் சொல்வது இரண்டு பதிவுகளை. ஒன்று நீதிமன்றத்துடையது: அவரை அறியாத, அவருக்கு எந்த நன்றியும் பட்டிராத பன்னிரண்டு பேருடையது, அதில் அவர் நிரபராதி. மற்றொன்று தன் வேலைக்காரர்களை நேசித்ததற்காகப் புகழ்பெற்ற ஒரு வீட்டுடையது. அதில் அவர் திருடி. நேசம் இல்லாத இடத்தில் நியாயம் கிடைத்தது. நேசம் இருந்த இடத்தில் கிடைக்கவில்லை.

இது தற்செயல் அல்ல என்பதே என் வாதம். எஜமானரின் அன்பு ஒரு கொடை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சுவரில் இருக்கும் ஜேன் எப்ரலின் இடமும் இதே தன்மையதுதான். அவர் விஷயத்தில் அது திரும்ப எடுக்கப்படவில்லை, அவ்வளவே. நினைக்கப்படுபவர் அந்த நினைவுக்கு மறுப்புச் சொல்ல வழியில்லாதவரை, அந்த நினைவு எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும், நினைப்பவரின் சொத்தாகவே இருக்கிறது.

5

வேலைக்காரர் படங்களில் இன்னொன்று உண்டு. காலத்தால் மற்றவற்றுக்கு முந்தியது. சீருடை அணிந்து கொம்பு பிடித்த ஒரு கறுப்பினச் சிறுவன். மெல்லர் காலத்தில் வண்டியோடு கூடப் போய்க் கொம்பு ஊதியவன் என்று குடும்பத்தில் சொல்லப்பட்டது. முதல் பிலிப் யார்க் மற்றப் படங்களுக்குச் செய்யுள் எழுதிய சமயத்தில் இதற்கும் ஒன்று எழுதினார். அதன் சாரம், இவனைப் பற்றி அதிகம் தெரியவில்லை என்பது. பெயர் கிடையாது. எந்தக் கரையில் எந்தக் கப்பலில் ஏற்றப்பட்டான், எப்படி ரெக்ஸமுக்கு வந்தான், ஒன்றும் கிடையாது. கோரமண்டல் தட்டியைப் போல அவனுக்கும் செய்த வேலையும் வந்து சேர்ந்த இடமுமே அடையாளமாகிவிட்டன.

இதில் என்னை உறுத்துவது அறியாமை அல்ல. அது எல்லோருக்கும் உரியது. உறுத்துவது, இந்தச் செய்யுளையும் 'அரச குல'ங்களையும் எழுதியது ஒரே கை என்பது. எழுநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு சிற்றரசனின் மூன்றாவது மகன் யாரை மணந்தான் என்பதைக் கண்டுபிடிக்க அந்தக் கைக்குப் பொறுமை இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன், தன் வீட்டிலேயே, தன் தகப்பனாரின் மாமன் காலத்தில் இருந்த ஒரு சிறுவனின் பெயரைத் தேட அது முயன்றதாகத் தெரியவில்லை. ஜேன் எப்ரல் 1706 வாக்கில் பிறந்தவர். மெல்லர் இறந்த 1733இல் அவருக்கு 27 வயது. 1793இல் அவரை உட்கார வைத்து ஓவியம் வரைந்துகொண்டிருந்தபோது, அந்தப் பையனைப் பற்றி அவருக்கோ, அவர் வயதுடைய வேறு யாருக்கோ ஏதாவது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாரா? கேட்டதன் தடயம் செய்யுளில் இல்லை.

வம்சாவளி தேடுவதில் உள்ள தார்மீகப் பிரச்சினை எனக்கு இந்த இடத்தில்தான் ஸ்தூலமாகிறது. இறந்த காலம் இருட்டாக இருக்கிறது என்கிறோம். இருட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. விளக்கை எந்தப் பக்கம் பிடித்தோம் என்பதைப் பொறுத்து அது கூடிக் குறைகிறது. 'தகவல் சொற்பம்' என்பது இயற்கையின் செயலைப் போல ஒலிக்கும் வாக்கியம். உண்மையில் அது யாரோ கேட்காமல் விட்டதன் பலன்.

6

யார்க்குகளின் கதை முடிந்த விதமும் இதோடு சம்பந்தப்பட்டது. எர்திக்குக்கு அடியில் நிலக்கரி இருந்தது. பக்கத்திலுள்ள பெர்ஷம் சுரங்கத்தின் குடைவுகள், இருபதாம் நூற்றாண்டின் நடுவில், மாளிகையின் அடியிலேயே வந்துவிட்டன. வீடு உட்காரத் தொடங்கியது; ஒரு பக்கம் சுமார் 5 அடி இறங்கிற்று. அப்போதிருந்த நான்காம் சைமன் யார்க் மணமாகாதவர், யாரோடும் பழகாதவர், மின்சாரம் இல்லாமல் அங்கே வாழ்ந்தார். 1966இல் அவர் இறந்தபின் வீடு தம்பி மூன்றாம் பிலிப்புக்கு வந்தது. நாடகக் குழு நடத்தியவர், அவரும் மணமாகாதவர். கூரை ஒழுக, சுவர் விரிசல் விட, ஒரு பொருளையும் வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, 1973இல் எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். சேதத்துக்காகத் தேசிய நிலக்கரி வாரியம் 120,000 பவுண்டு ஈட்டுத்தொகை கொடுத்தது. 1977இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1978இல் பிலிப் இறந்தார், வாரிசு இல்லை.

பாரம்பரியத்தின் சோக முடிவாக இதை வாசிப்பது வழக்கம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வீட்டுக்கு மேலே வேலை செய்தவர்களுக்குச் சுவரில் படம் இருந்தது. வீட்டுக்கு அடியில் வேலை செய்தவர்கள் பற்றி அந்த வீட்டுச் சுவருக்கு ஒன்றும் தெரியாது. ரெக்ஸமுக்கு வடக்கே சில மைலில் கிரெஸ்ஃபோர்ட் சுரங்கம். 1934 செப்டம்பர் 22ஆம் தேதி அங்கே வெடித்துத் தீப்பற்றியதில் 266 பேர் இறந்தார்கள். மீட்கப்பட்ட உடல்கள் 11. மற்றவர்களை உள்ளேயே விட்டு, அந்தப் பகுதியை அடைத்துவிட்டார்கள். காற்றோட்டத்தை அளந்து எழுத வேண்டிய பதிவேட்டில் அளக்காத அளவுகள் எழுதப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது. 1937இல் வழக்கு முடிந்தபோது, நிர்வாகத்தின் மீது நிரூபணமானது பதிவேடுகளைச் சரியாக வைக்காத குற்றம் மட்டும். அபராதம் 140 பவுண்டு, செலவுத்தொகை 350 பவுண்டு. நினைவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பதிவேடு என்பதற்கு இதைவிட உக்கிரமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1982இல் அந்தச் சுரங்கத்தின் சக்கரத்தையே வைத்து நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஒரு பிரதேசத்தின் வம்சாவளி என்று ஒன்று இருக்குமானால், 'அரச குல'ங்களோடு இந்த 266 பெயர்களின் பட்டியலும் சேர்ந்ததாகத்தான் அது இருக்க முடியும்.

எர்திக்கை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு முக்கியமான முடிவு செய்தார்கள். பார்வையாளர்கள் முன்வாசல் வழியாக நுழைவதில்லை. தச்சுப்பட்டறை, கொல்லன் உலை, லாயம், துணி துவைக்கும் அறை, சமையற்கட்டு, வேலைக்காரர் கூடம், அதன் பிறகே எஜமானரின் அறைகள். நல்ல முடிவு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வழி மாறியதால் மட்டும் வரலாறு மாறிவிடாது. பட்டறை வழியாக வந்தாலும் நாம் கடைசியில் போய்ச் சேருவது யார்க்கின் வரவேற்பறைக்குத்தான். கூடத்தில் நாம் பார்ப்பதும் யார்க்கின் கண்கள் பார்த்த வேலைக்காரர்களைத்தான்.

7

ஆகவே நினைவு வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. யார்க்குகள் எதையும் எறியாதவர்கள். பழைய கட்டணச் சீட்டு, கடிதம், கணக்கு எல்லாம் வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரைக்கும் ஆதாரம் இல்லை. அவர்கள் படத்தையாவது மாட்டினார்கள். மற்றவர்கள் அதுவும் செய்யவில்லை. இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு எல்லா எஜமானர்களும் ஒன்றே என்று சொல்வது சோம்பேறித்தனம்.

ஆனால் எறியாமல் வைத்திருப்பவர் தான் வைத்திருப்பது என்ன என்பதை முழுவதும் அறிந்திருப்பதில்லை. ஒரு கடிதத்தை எஜமானர் தன் பெருந்தன்மைக்குச் சான்றாக வைத்திருக்கலாம். இன்னொருவர் அதில் கூலி எவ்வளவு என்பதை வாசிக்கலாம். எலன் பென்கெத்தின் மீதான குற்றச்சாட்டை நிரூபிக்கச் சேர்த்த தாள்களே, வீட்டை நடத்த அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது, எதை வாங்கச் சொல்லப்பட்டது என்பதற்கும் சாட்சியாக நிற்கக் கூடியவை. நன்றியின் வரலாறு எஜமானர் எழுதியதோடு முடிந்துவிடுகிறது. நியாயத்தின் வரலாறு, எழுதியவரின் விருப்பத்துக்கு எதிராக அவருடைய தாள் பேசத் தொடங்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது.

இன்று ஒருவர் எர்திக்குக்குத் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் செய்யுள் கிடைக்காது, படம் கிடைக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் சம்பளக் கணக்கில் ஒரு பெயர், ஒரு தொகை, சேர்ந்த தேதி, நின்ற தேதி. ஏன் நின்றார் என்பது இருக்காது. அவருக்குச் சேர வேண்டிய நிலம் இல்லை, வீடு இல்லை, பட்டமும் இல்லை. 'இது யாருக்குச் சேர வேண்டும்?' என்ற பழைய கேள்வியே அங்கே எழுவதற்கில்லை. எதையும் கோராமல் ஒருவர் தன் முன்னோரைத் தேடும் அந்த இடத்தில்தான், வம்சாவளி முதன்முறையாகச் சொத்தைப் பற்றியதாக இல்லாமல் மனிதரைப் பற்றியதாகிறது. பழைய வேல்ஸ் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்ட மகனுக்குப் பங்கு கொடுத்தது. ஏற்றுக்கொள்வது தகப்பன் கையில் இருந்தது. இங்கே ஏற்றுக்கொள்வது பின்னால் வந்தவர் கையில் இருக்கிறது. நின்ற தேதிக்கு எதிரே உள்ள காலியிடத்தை அவர் கற்பனையால் நிரப்பிவிடாமல் இருக்க வேண்டும். ஏன் காலியாக இருக்கிறது என்று, அந்த வீட்டையும், அதை நேசிக்கிற நம்மையும், அவர் விடாமல் கேட்க வேண்டும்.